கேம் வெளியான பிறகு லெப்டொப்பைத் திறக்கவே முடியாமல் போனால்

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கொழும்பில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை செய்தவர், 2022இல் அதை விட்டுவிட்டு ஊருக்கு வந்து, மூன்று வருடத்துக்கு மேல் தனியாளாக ஒரு கேம் செய்து ஸ்டீமில், அதாவது கொம்பியூட்டர் கேம்களை விற்கும் இணையக் கடையில், வெளியிட்டிருக்கிறார். வெளியாகி ஆறு கிழமையில் 41 பிரதி விற்றிருக்கிறது. "விற்பனையைக் கூட்ட என்ன செய்யலாம்?" என்பதுதான் மேலே இருந்த கேள்வி. ஆனால் கீழே எழுதியிருந்ததில் விற்பனை பற்றி இரண்டு வரிதான். மிச்சமெல்லாம் வேறு விஷயம்: லெப்டொப்பைத் திறந்தாலே நெஞ்சு அடிக்கிறது, புரொஜெக்டைத் தொட முடியவில்லை, ராத்திரி நித்திரை இல்லை, வாப்பா ஒன்றுமே கேட்கிறதில்லை, அவர் கேட்காமல் இருப்பதுதான் கூடக் கஷ்டம். ஆகவே உண்மையில் கேட்டது இதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன்: எனக்கு இந்த வேலைக்குத் தகுதி இல்லையா, இல்லாவிட்டால் எனக்கே ஏதோ ஆகிவிட்டதா, விட்டுவிடட்டுமா? விற்பனைக் கேள்விக்கும் ஓரளவு பதில் சொல்கிறேன். இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

அதற்கு முன் ஒரு வரியைப் பற்றிக் கதைக்க வேண்டும். "சில நாள் காலையில் எழும்பாமலே போனாலும் பரவாயில்லை என்று இருக்கிறது" என்று நடுவில் எழுதியிருக்கிறீர்கள். தம்பி, அலுப்பில் வந்த வார்த்தையாகவும் இருக்கலாம். ஆனால் எழுத்தை மட்டும் பார்த்து அப்படித்தான் என்று முடிவுகட்ட எனக்கு உரிமை இல்லை. அந்த நினைப்பு திரும்பத் திரும்ப வருகிறது என்றால் இந்தப் பதிலை வாசித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். 1926 என்ற எண்ணுக்கு அழையுங்கள். தேசிய மனநல நிறுவனம் நடத்துவது, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் கதைக்கலாம். 1333 என்ற எண்ணிலும் இலவசமாகக் கதைக்க ஆள் இருக்கிறார்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது, அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் செலவும் இல்லை. ஊரில் யாராவது கண்டால் என்ன நினைப்பார்கள் என்ற பயம் உங்களுக்கு வரும், வராமல் இராது. அக்கரைப்பற்றுக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் இருக்கும் தூரம் அந்த ஒரு விஷயத்தில் உங்களுக்கு உதவியாகத்தான் இருக்கும்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கல்லடியில் இருக்கிறேன். பகலில் வெளிநாட்டு ஸ்டூடியோக்களுக்குக் கூலிக்கு நிரல் எழுதிக் கொடுப்பது தொழில். சொந்தமாகச் சின்னச் சின்னக் கேம்கள் செய்து வெளியிட்டிருக்கிறேன், ஒன்றும் ஓகோவென்று ஓடவில்லை, ஒன்றிரண்டு கைச்செலவை எடுத்தன. பல வருடமாக இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு கேம் செய்யச் சொல்லிக் கொடுத்தும் வருகிறேன். வந்தாறுமூலை கம்பஸிலிருந்து வருபவர்கள், ஒலுவிலில் படித்தவர்கள், ஏ.எல். எழுதிவிட்டு நிற்பவர்கள் என்று பல பேர் ஏறக்குறைய இதே கதையோடு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தத் தொழிலைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம். மனநோய் பற்றிச் சொல்வதை வைத்தியரிடம் கேட்டுச் சரிபார்க்க வேண்டும், நான் வைத்தியன் இல்லை.

சரி, முதலில் 41. இந்த எண் உங்களைப் பற்றி என்ன சொல்கிறது என்று நீங்கள் நினைக்கிறீர்களோ, அதில் பெரும்பகுதியை அது சொல்லவே இல்லை. 2024இல் மட்டும் ஸ்டீமில் 18,000க்கு மேல் கேம்கள் வெளிவந்தன. ஒரு நாளைக்கு ஐம்பது என்று வையுங்கள். 2017இலிருந்து 100 டொலர் கட்டினால் யாரும் போடலாம் என்று ஆனதால் வந்த வெள்ளம் அது. அந்தக் கதவு திறந்ததால்தான் நீங்களும் நானும் இங்கிருந்தே உள்ளே போக முடிந்தது, ஆகவே அதைக் குறை சொல்லவும் மனம் வராது. ஆனால் விளம்பரக் காசில்லாமல், பிறகு வாங்கலாம் என்று ஆட்கள் முன்கூட்டியே குறித்துவைக்கும் விஷ்லிஸ்டைச் சேர்க்காமல், அன்று வந்த ஐம்பதில் ஒன்றாக வந்த கேமை ஆட்கள் காணவே இல்லை என்பதுதான் நடந்திருக்கும். கண்டு பார்த்துவிட்டு வேண்டாம் என்று போனது வேறு, காணாமலே போனது வேறு. விற்பனை எண்ணைப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. ஸ்டீம் தரும் புள்ளிவிபரத்தில் கடைப்பக்கத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று இருக்கும், அதைப் பாருங்கள். சில நூறு பேர் வந்து 41 பேர் வாங்கியிருந்தால் அது கெட்ட விகிதமே இல்லை.

காசுக் கணக்கும் பார்த்துவிடுவோம், ஏனென்றால் தெளிவில்லாத காசுதான் ராத்திரியில் பெரிதாகத் தெரியும். நீங்கள் போட்ட விலை 4.99 டொலர். 41 பிரதி என்றால் கிட்டத்தட்ட 205. நாட்டுக்கு நாடு விலை குறையும், சிலர் திருப்பிக் கொடுத்திருப்பார்கள், சில நாடுகளில் விற்பனை வரி கழியும், மிச்சத்தில் ஸ்டீம் 30 வீதம் எடுக்கும். கையில் 120 டொலர் வந்தால் நல்லது, இன்றைய மதிப்பில் முப்பதாயிரத்துச் சொச்சம் ரூபாய். அதுவும் ஒரு மாதத்துக் காசு அடுத்த மாதக் கடைசியில்தான் வங்கிக்கு வரும். நீங்கள் கட்டிய 100 டொலர், வருமானம் 1,000 டொலரைத் தாண்டினால்தான் திரும்பும். மூன்று வருடத்துக்கு முப்பதாயிரம் என்று எழுதிப் பார்த்தால் வலிக்கும், வலிக்கட்டும். ஆனால் எழுதிப் பார்த்த எண் வலித்துவிட்டு நின்றுவிடும். எழுதாத எண் நிற்காது.

அடுத்தது நித்திரை. இதை யாரும் சொல்வதில்லை, ஆனால் நம் பக்கத்து ஆட்களின் நிம்மதியைக் குலைப்பதில் இதற்குப் பெரிய பங்கு இருப்பதாக நினைக்கிறேன். ஸ்டீமின் பெரிய தள்ளுபடிகளும் விழாக்களும் அமெரிக்க மேற்குக்கரை நேரப்படி காலை பத்து மணிக்குத் தொடங்கும். நமக்கு அது ராத்திரி பத்தரை, அவர்களுடைய குளிர்காலத்தில் பதினொன்றரை. வாங்குகிறவர்களில் நிறையப் பேர் விழித்திருக்கும் நேரம் நாம் படுக்கும் நேரம். அதனால் என்ன நடக்கும் என்றால், ஃபானுக்குக் கீழே படுத்துக்கொண்டு ஃபோனில் விற்பனைப் பக்கத்தைத் திறப்பது, மேலே இருந்து கீழே இழுத்துப் புதுப்பிப்பது, எண் மாறவில்லை, ஃபோனைக் கவிழ்த்து வைப்பது, பள்ளிவாசலில் சுபஹுக்குப் பாங்கு சொல்லும் நேரம் வரைக்கும் அதையே செய்துகொண்டிருப்பது. நீங்கள் எழுதாவிட்டாலும் இதைத்தான் செய்கிறீர்கள் என்று பந்தயம் கட்டுவேன். நித்திரை கெட்ட மூளைக்கு எல்லாமே இரண்டு மடங்கு கறுப்பாகத் தெரியும் என்பதில் சந்தேகமில்லை. ஃபோனிலிருந்து அந்தச் செயலியைக் கழற்றிவிட்டு, கிழமைக்கு ஒரு தடவை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, லெப்டொப்பில் பாருங்கள். அந்த ஒரு மாற்றத்தோடு சிலர் பாதி எழும்பி வந்ததைக் கண்டிருக்கிறேன்.

இதெல்லாம் ஓரம். உண்மையான புண் வேறிடத்தில் இருக்கிறது. மூன்று வருடம் நீங்கள் செய்த வேலையை ஒரு சீவனும் பார்க்கவில்லை. உங்களுடைய எழுத்திலேயே இருக்கிறது: "வெளியிடும் வரைக்கும் யாருக்கும் காட்டவில்லை, முழுசாகக் காட்ட வேண்டும் என்று வைத்திருந்தேன்." தோல்வி மனிதனை உடைக்கிறது என்கிறார்கள். நான் கண்டவரை, தோல்வியை விட, செய்தது செய்யாதது மாதிரியே கிடப்பதுதான் ஆளைத் தின்கிறது. வயலில் இறங்கினவனின் வேலை வரம்பில் நிற்கிறவனுக்குத் தெரியும். மேசன் கட்டின சுவர் நிற்கும். நீங்கள் பத்து மணி நேரம் குனிந்திருந்து ஒரு கதவு திறக்கும்போது சத்தம் சரியாக வரும்படி செய்திருப்பீர்கள். அறைக்கு வெளியே வந்தால், "இவன் விடிய விடிய கொம்பியூட்டரில் விளையாடுறான்" என்றுதான் வீடு நினைக்கும். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது அதுதான்.

நம் பக்கத்துக் கூத்தை எடுத்துப் பாருங்கள். வடமோடியோ தென்மோடியோ, எந்த வகைக் கூத்தானாலும், பழக்குகிற அண்ணாவியார் ஒவ்வொருவருக்கும் அவரவர் பாட்டு எழுதிய சட்டத்தைக் கொடுத்த நாளிலிருந்து அரங்கேற்றம் வரைக்கும் மாதக்கணக்கில் ஆகும். அந்த மாதங்களில் எவரும் கதவைப் பூட்டிக்கொண்டு பழகுவதில்லை. சதங்கை அணிவது ஒரு நாள், அதற்கு ஊர் வரும். பிறகு கிழமைக்கூத்து, கிழமைக்குக் கிழமை ஆடுவார்கள், ஆச்சிமார் பாயை விரித்துக்கொண்டு வந்து இருப்பார்கள். "அருச்சுனனுக்கு வாறவன்ட கால் தாளத்துக்கு வருகுதில்ல" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போவார்கள். பிறகு அடுக்குப் பார்த்தல், முழுக் கூத்தையும் ஆடிப் பார்க்கும் ஒத்திகை. அரங்கேற்ற இரவு வரும்போது ஆடுகிறவனுக்கு அந்த ஊர் எங்கே சிரிக்கும், எங்கே கொட்டாவி விடும் என்பது எல்லாம் தெரியும். அவன் ஏற்கனவே பல தடவை சின்னதாகத் தோற்று, சின்னதாகத் தேறி வந்தவன். நீங்கள் கிழமைக்கூத்து ஒன்றுகூட ஆடாமல் நேரே அரங்கேறியிருக்கிறீர்கள். அதுவும் உங்கள் ஊர்க் களரியில் இல்லை, உலகத்துக் களரியில், அந்த இரவே ஐம்பது பேர் ஆடிக்கொண்டிருக்கும்போது.

பார்க்க வைப்பது என்றால் என்ன என்று ஒரு உதாரணம் சொல்கிறேன். கூரைக்குக் கூரை தாவும் காகத்தை வைத்து ஒரு கேம் செய்துகொண்டிருந்தபோது, பக்கத்து வளவுப் பையனைக் கூட்டிவந்து இருத்தினேன். அவனுக்கு ஒன்பது பத்து வயதிருக்கும். ஸ்பேஸ் பாரை விரலால் தட்டாமல் முழு உள்ளங்கையால் அறைந்தான். தொடக்கத்தில் நான் எழுதி வைத்திருந்த கதையை ஒரு வரியும் வாசிக்கவில்லை. பின்னால் அந்தி வானத்துக்கு நிறம் தேடி நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும், அவன் கண் அந்தப் பக்கமே போகவில்லை. ஒரு தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் காகம் சிக்கிக்கொண்டது. அது ஒரு பக், நிரலில் நான் விட்ட பிழை. காகம் அந்தரத்தில் நின்று சிறகை அடித்துக்கொண்டே இருக்க, அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், தங்கச்சியைக் கூப்பிட்டுக் காட்டினான், இரண்டு பேரும் கீபோர்டுக்குச் சண்டை பிடித்தார்கள். போகும்போது, "மாமா, நாளைக்கும் அந்தத் தொட்டிய வைப்பீங்களா?" என்று கேட்டான். நான் பெருமைப்பட்டதில் ஒன்றும் அவனுக்குப் பிடிக்கவில்லை, வெட்கப்பட்டது பிடித்துவிட்டது. ஆனாலும் அன்றைக்கு ராத்திரி நன்றாக நித்திரை வந்தது. யாரோ பெயர் தெரியாதவர் எழுதும் இரண்டு வரி ரிவியூவில் இது கிடைக்காது. அதில் முகம் இல்லை, சிரிப்பு இல்லை, நாளைக்கும் வருவேன் என்பது இல்லை.

உங்கள் கேமுக்கு வந்ததாக நீங்கள் எழுதியிருந்த அந்தக் கெட்ட ரிவியூவுக்கு வருகிறேன். உங்கள் கேம், கடல் வந்து போன மறுநாள் ஒரு பையன் உடைந்த வீடுகளுக்கு நடுவே உம்மும்மாவை, அதாவது அம்மம்மாவை, தேடி நடப்பது. உங்கள் வயதை வைத்துப் பார்த்தால் 2004இல் உங்களுக்கு ஐந்தாறு வயது. இலங்கையில் சுனாமி கூடுதலாக உயிர்களைக் கொண்டுபோன மாவட்டம் அம்பாறை என்பது இங்கே எவருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தக் கேமை இருபது நிமிடம் விளையாடிவிட்டு, "சும்மா நடக்கிறது மட்டும்தான், சலிப்பு" என்று ஒருவர் எழுதி, காசையும் திருப்பி வாங்கிக்கொண்டார். அதை இன்னும் நாளுக்கு நாலு தடவை வாசிக்கிறேன் என்கிறீர்கள். உறுதியாகச் சொல்லக்கூடிய இரண்டு விஷயம் உண்டு. இரண்டு மணி நேரத்துக்குள் விளையாடி, வாங்கிப் பதினாலு நாளுக்குள் கேட்டால் ஸ்டீம் காசைத் திருப்பிக் கொடுக்கும், அது வாங்குகிறவருக்கு உள்ள வசதி, உங்கள் மேல் தீர்ப்பு இல்லை. வாங்கியவர்களின் ரிவியூ பத்து சேரும் வரைக்கும் கேமுக்கு நல்லது கெட்டது என்ற பட்டமே ஸ்டீம் போடாது, ஆகவே அந்த ஒரு ரிவியூ விற்பனையை அழித்துவிட்டது என்பதற்கு ஆதாரம் இல்லை. நல்லதை விடக் கெட்டது மனதில் ஆழமாக இறங்கும் என்பதும் ராய் பௌமைஸ்டர் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் பல ஆய்வுகளைத் திரட்டி 2001இல் எழுதியது. அதே பக்கத்தில் ஒருவர் உங்களுக்கு நன்றி சொல்லியிருப்பதாக எழுதியிருந்தீர்கள், அதை எத்தனை தடவை வாசித்தீர்கள்?

ஆனால் இதோடு விஷயம் முடியவில்லை. சொந்தத் துக்கத்தை எடுத்துக் கேம் செய்தால், கேமைச் சலிப்பு என்று சொன்னவர் உங்கள் உம்மும்மாவையே சலிப்பு என்று சொன்னது போலக் கேட்கும். இதை நீங்கள் மட்டும் அனுபவிக்கவில்லை. அமெரிக்காவில் ரையன் கிரீன், எமி கிரீன் என்ற தம்பதி, புற்றுநோயால் ஐந்து வயதில் இறந்துபோன தங்கள் மகன் ஜோயலைப் பற்றி ஒரு கேம் செய்து 2016 ஜனவரியில் வெளியிட்டார்கள். அதைப் பற்றி எல்லாரும் எழுதினார்கள், அழுதோம் என்றார்கள். இரண்டு மாதம் கழித்து அந்தத் தகப்பன், விற்பனையிலிருந்து ஒரு டொலரைக்கூட நாங்கள் இன்னும் காணவில்லை என்று எழுதினார். நிறையப் பேர் யூடியூபில் யாரோ விளையாடுவதைப் பார்த்துவிட்டு, வாங்காமல் போய்விட்டார்கள். அவர்களுடைய மனநிலை எப்படி இருந்திருக்கும் என்று நான் ஊகிக்கப் போவதில்லை. இப்படிப்பட்ட கேம் நன்றாக இருந்தாலும் விற்காமல் போகலாம், விற்காமல் போனதால் அந்தத் துக்கம் பெறுமதி குறைந்துவிடாது, இவ்வளவுதான் சொல்ல வருகிறேன். என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு, முதல் கேமில் சொந்தக் காயத்தைத் தொடாதீர்கள் என்றுதான் சொல்வேன். இரண்டாவதோ மூன்றாவதோ அதற்குரியது. இதை எல்லாரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள், இது என் அபிப்பிராயம்.

வென்றவர்களின் கதையை வைத்து உங்களை அடித்துக்கொள்வதையும் நிறுத்துங்கள். ஸ்டார்டியூ வேலி செய்த எரிக் பரோனும் தனி ஆள்தானே, நாலு வருடத்துக்கு மேல் பொறுமையாக இருந்தாரே என்று கேட்டிருக்கிறீர்கள். இருந்தார். அந்தக் காலத்தில் வீட்டில் அவருடைய துணைவி உழைத்துக்கொண்டிருந்தார், அவரும் சியாட்டிலில் ஒரு தியேட்டரில் பகுதிநேர வேலைக்குப் போனார். கதை சொல்கிறவர்கள் பொறுமையைச் சொல்லிவிட்டுச் சம்பளத்தை விட்டுவிடுகிறார்கள். அதே போல் நாலு வருடம் பொறுமையாக இருந்து விற்காமல் போனவர்களை யாரும் பேட்டி எடுப்பதில்லை. இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஹனோய் நகரத்தில் தனியாக இருந்து ஃபிளாப்பி பேர்ட் செய்த டொங் நுயென்னின் கேம் 2014 தொடக்கத்தில் உலகம் முழுக்கப் பரவியது, ஒரு நாளைக்கு 50,000 டொலர் வருமானம் என்று செய்திகள் வந்தன. பெப்ரவரியில், இனி என்னால் தாங்க முடியாது என்று சொல்லி அவரே அதைக் கடையிலிருந்து எடுத்துவிட்டார். ஆகவே விற்றிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்ற நினைப்பை நான் நம்பவில்லை. காசுக் கஷ்டம் தீர்ந்திருக்கும், அது சின்ன விஷயமில்லை. மற்றது தீர்ந்திருக்குமா என்பது வேறு கதை.

வாப்பா. அவர் கேட்காமல் இருப்பதை நீங்கள் தீர்ப்பாக வாசிக்கிறீர்கள். மகன் கொழும்பில் நல்ல சம்பளத்தை விட்டுவிட்டு வந்த வருடம் எது என்று பாருங்கள். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குப் போனது, மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லை, பெற்றோலுக்கு வரிசை, கேஸுக்கு வரிசை. அந்த நேரத்தில், கட்டாருக்குப் போ என்று சொல்லாமல், அறையைக் கொடுத்துச் சாப்பாட்டையும் போட்ட மனுசன் அவர். கேட்டால் நீங்கள் உடைந்துபோவீர்கள் என்று பயந்தும் கேட்காமல் இருக்கலாம். எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, ஏனென்றால் நீங்கள் இரண்டு பேரும் கதைக்கவில்லை. நான் கண்டதில் வேலை செய்த வழி ஒன்று: விளக்கம் கொடுக்கப் போகாதீர்கள், அவரைப் பக்கத்தில் இருத்திக் கேமைக் காட்டுங்கள். அந்தக் கடற்கரையை அவர் அடையாளம் கண்டுபிடிப்பார். அதற்குப் பிறகு கணக்கைச் சொல்லுங்கள், இவ்வளவு வந்தது, இவ்வளவு போனது, இன்ன மாதத்திலிருந்து நான் வேலைக்குப் போகிறேன், பின்னேரத்தில் இதைச் செய்வேன் என்று. வீட்டுக்காரருக்கு மிகவும் கஷ்டம் கொடுப்பது, இது எப்போது முடியும் என்று தெரியாமல் இருப்பதுதான். திகதி ஒன்று கொடுத்தால் அவர்களுக்கும் மூச்சு வரும், உங்களுக்கும் வரும்.

"எனக்கு ஏதோ ஆகிவிட்டதா?" என்பதற்கு வருகிறேன். எரிந்து களைத்துப்போகும் நிலையை (ஆங்கிலத்தில் burnout) உலக சுகாதார நிறுவனம் 2019இல் விபரித்தது: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகி அதன்மேல் வெறுப்பு வருவது, செய்வதில் பலனில்லை என்று தோன்றுவது. அதை அவர்கள் நோய் என்று வகுக்கவில்லை, வேலையோடு சேர்ந்த நிலை என்றுதான் வைத்தார்கள். நீங்கள் எழுதியதில் மூன்றுமே தெரிகிறது. மனச்சோர்வு நோய் வேறு. இரண்டு கிழமைக்கு மேல், கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும், நாள் முழுக்க மனம் இறங்கியே கிடப்பது, கேம் மட்டுமில்லை, எதிலுமே பிரியம் இல்லாமல் போவது, சாப்பாடு நித்திரை குழம்புவது, தான் ஒன்றுக்கும் உதவாதவன் என்ற எண்ணம், சாவைப் பற்றிய நினைப்பு, இவை சேர்ந்து வந்தால் வைத்தியர் பார்க்க வேண்டும். மருந்தாலும் கதைத்து ஆற்றும் சிகிச்சையாலும் குணமாகக் கூடிய நோய் அது. பின்னேரம் கூட்டாளிமாரோடு கடற்கரையில் பந்து விளையாடும்போது ஒரு அரை மணி நேரமாவது மனம் லேசாகிறதா, ராத்தாவின் பிள்ளை மடியில் ஏறினால் சிரிப்பு வருகிறதா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். வருகிறது என்றால் களைப்பின் பக்கம் அதிகமாக இருக்கலாம், வரவில்லை என்றால் இந்தக் கிழமையே போங்கள். இது ஒரு குத்துமதிப்புத்தான், வைத்தியரின் இடத்துக்கு வராது. ஒன்று இருந்தால் மற்றது இல்லை என்றும் இல்லை. நீங்கள் எழுதிய அந்த ஒரு வரிக்காகவே எப்படியானாலும் போய்ப் பார்க்கச் சொல்வேன்.

தகுதி பற்றிய கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியாது. ஒரு கேமை வைத்து யாராலும் முடியாது. முடித்திருக்கிறீர்கள், அது உறுதி. என்னிடம் வந்தவர்களில் தொடங்கினவர்களை எண்ணினால் முடித்தவர்கள் கொஞ்சப் பேர்தான். விட்டுவிடுவதா என்பதை இப்போது தீர்மானிக்காதீர்கள், நித்திரையில்லாத ஆறு கிழமைக்குப் பிறகு எடுக்கும் எந்தத் தீர்மானமும் தீர்மானம் இல்லை. விட்டாலும் வெட்கமில்லை, என் மாணவர்களில் நல்லாகச் செய்யக்கூடிய ஒருத்தி விட்டுவிட்டு வங்கியில் வேலைக்குப் போனாள், சந்தோசமாகத்தான் இருக்கிறாள், விடுமுறையில் தம்பிமாருக்கு ஏதாவது செய்து கொடுப்பாள். பெண்பிள்ளைகளுக்கு இந்தத் துறையில் இணையத்தில் கிடைக்கும் ஏச்சு வேறு ரகம், அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். இணையத்தில் கேம் செய்கிறவர்கள் கதைக்கும் டிஸ்கோர்ட் குழுக்களில் சேர்ந்தால் உதவுமா என்றும் கேட்டீர்கள். சிலருக்கு உதவியது, சிலருக்கு அடுத்தவனின் விஷ்லிஸ்ட் எண்ணைப் பார்த்துப் புண் கூடியது. வாரத்துக்கு ஒரு நாள் நேரில் சந்திக்கும் இரண்டு பேர், முந்நூறு பேர் உள்ள குழுவை விட மேல் என்பது என் அனுபவம். கல்முனை, சாய்ந்தமருது பக்கம் தேடிப் பாருங்கள், இந்த வேலை செய்கிற பிள்ளைகள் கட்டாயம் இருப்பார்கள். அவர்களும் அறைக்குள்தான் இருக்கிறார்கள், அதனால்தான் தெரியவில்லை.

விற்பனைக்கு: இப்போதைக்கு ஒன்றும் செய்யாதீர்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து, மனம் கொஞ்சம் தேறின பிறகு, தமிழ் மொழித் தெரிவு இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் சேருங்கள், கடைப்பக்கத்தின் முதல் படத்தை மாற்றுங்கள், தள்ளுபடி ஒன்றில் போடுங்கள். இன்னும் வெளிவராத கேம்களின் மாதிரியை ஆட்களுக்குக் காட்டும் ஸ்டீமின் டெமோ விழாவுக்கு, வெளியான கேமைக் கொண்டுபோக முடியாது, ஆகவே அதைப் பற்றி அழுது பிரயோசனமில்லை, அடுத்ததற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, அடுத்ததை எந்தக் கேம் செய்யும் மென்பொருளில் செய்வது, யூனிட்டியா கொடோவா என்று கேட்டிருந்தீர்கள். 2023 செப்டம்பரில் யூனிட்டி, கேம் நிறுவப்படும் ஒவ்வொரு தடவைக்கும் கட்டணம் என்று திடீரென்று அறிவித்ததும், அடுத்த வருடம் செப்டம்பரில் அதைக் கைவிட்டதும் உங்களுக்குத் தெரியும். உங்களைப் போன்ற சின்ன ஆளுக்கு அந்தக் கட்டணம் வந்திருக்கவே வராது, ஆனால் அந்தக் கிழமைகளில் என்னிடம் வந்தவர்கள் பட்ட பதற்றம் உண்மை. கொடோ இலவசம், திறந்த மூலம், பழைய லெப்டொப்பிலும் ஓடும், யாரும் நாளைக்கு விதியை மாற்றி உங்களிடம் காசு கேட்க முடியாது. இரு பரிமாணக் கேம் என்றால் கொடோ போதும். ஒரு மாதத்தில் முடியக்கூடிய ஒன்றை எடுங்கள், முதலாவது வெள்ளிக்கிழமையே, பாதி கூட ஆகாத நிலையில், ராத்தாவின் பிள்ளைக்கு விளையாடக் கொடுங்கள்.